கேட்காமல் விட்ட ஒன்பது நிமிடங்கள்

தோளில் புது நட்சத்திரத்தோடு இத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அதிலும் பாதிப் பேர் பெண்கள்! நான் சேர்ந்த காலத்தில் எங்கள் காவல் நிலையத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கூடக் கிடையாது. அவசரமென்றால் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. நான் வாயைத் திறந்தாலே என் வீட்டுக்காரர் காதுகேட்கும் மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார். அதனால் நீங்கள் கூப்பிட்டதும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

பேனாவை மூடி வையுங்கள். எஃப்.ஐ.ஆர். எழுதுவது எப்படி, செல்போன் டவரைப் பார்ப்பது எப்படி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் வந்தேன். பாராட்டு வாங்கிய கதையென்றால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் பொய் சேர்ந்துகொள்ளும். தப்புப் பண்ணின கதையில் பொய் சேர்க்க யாருக்கும் மனசு வராது.

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவள் ஊர்ப் பெயரையும் சொல்ல மாட்டேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். பதினாலு வயது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பம். அப்பா இல்லை. அம்மா விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, நெல்லித்தோப்புத் தெருக்களில் கூவி விற்று, பதினொரு மணிக்கு வீடு திரும்புவாள். அன்று ஒரு சனிக்கிழமை. அம்மா வீடு திரும்பியபோது பெண் இல்லை. ஒன்பது மணிக்கே கிளம்பிப் போனதைப் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறார்கள். அவள் தலையணைமேல் ஒரு ஜெபமாலையும் மாதா படம் போட்ட ஒரு அட்டையும் இருந்தன. குடும்பமோ மாரியம்மனைக் கும்பிடும் குடும்பம்.

அந்த நேரத்தில் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு. யாரோ பிள்ளைகளை மதம் மாற்றுகிறார்களாம், டியூஷன் என்ற பெயரில் ஜெபம் சொல்லித் தருகிறார்களாம். யார், எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோர் கையிலும் அந்த மெசேஜ் இருந்தது. பதிலுக்கு சர்ச் தரப்பு இளைஞர்களும் சும்மா இருக்கவில்லை. கோயில் வாசலிலும் சர்ச் வாசலிலும் எங்கள் ஆட்களை நிறுத்தி வைத்திருந்தோம்.

பன்னிரண்டு மணிக்குள் ஊர்ப் பஞ்சாயத்தார் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். குப்பத்திலிருந்து புகார் என்றால் தனி ஆளாக யாரும் வருவதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லி, அவர்கள் லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல வழக்கம்தான். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும், எங்களுக்கும் வேலை மிச்சம். பல வருடமாக அந்த வழக்கத்துக்கு நான் மரியாதை கொடுத்துப் பழகியிருந்தேன். தலைவரையும் கூட வந்தவர்களையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தேன். அம்மா, மீன்கூடை நனைத்த புடவையோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"மேடம், புள்ள நெல்லித்தோப்புல ஒரு மதாம் வூட்டுக்கு டியூசன் போவுது. அந்தம்மாதான் மனச மாத்தி எங்கியோ அனுப்பிட்சி. தலவாணி மேல இருந்த சாமானப் பாத்தாலே தெரீதுல்ல?" என்றார் தலைவர்.

அந்த மதாமை எனக்கும் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுத் தொடர்புள்ள வீட்டு அம்மாக்களை இங்கே புதுச்சேரியில் அப்படித்தான் கூப்பிடுவோம். அறுபது வயதைத் தாண்டிய கிறிஸ்தவப் பெண்மணி. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து காலமானவர். வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கும் பிரெஞ்சும் சொல்லித் தருவார்.

"எத்தனை மாசமா போறா?" என்று கேட்டேன். தலைவர் பதில் சொன்னார். "யார்கிட்டயாவது பழக்கம் உண்டா?" அதற்கும் தலைவர்தான் பதில் சொன்னார். "அதெல்லாம் எங்க ஊரு புள்ளைங்க அப்பிடி இல்ல மேடம்." நான் தலையை ஆட்டிக்கொண்டு ஜெபமாலையைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு தலைவரோடு ஜீப்பில் ஏறிவிட்டேன். அம்மா அங்கேயே, கதவோரத்திலேயே நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, இப்போது சொல்லும்போதும்.

நெல்லித்தோப்பில் மதாம் வீட்டின் முன் நூறு பேர் நின்றார்கள். குப்பத்து ஆட்கள் முப்பது பேர் இருப்பார்கள். மீதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெருக்கோடியில் எதிர்த்தரப்பு இளைஞர்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். நான் இறங்குவதற்குள் ஒரு கல் போய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. "கைது பண்ணு! கைது பண்ணு!" என்று சத்தம். மேலிடத்திலிருந்து அதற்குள் இரண்டு போன் வந்துவிட்டது. இரண்டிலும் அதே கேள்வி, அந்தம்மாவைத் தூக்கியாச்சா?

இங்கே கொஞ்சம் யோசியுங்கள். பாதுகாப்புக்காக மதாமை ஜீப்பில் ஏற்றினாலும் தெரு என்ன சொல்லும்? போலீசே பிடித்துக்கொண்டு போய்விட்டது, அப்போது உண்மைதான் என்று சொல்லும். அதை யாராவது படமெடுத்து அனுப்பினால் கால் மணியில் ஊர் முழுக்கப் பரவும். விட்டுவிட்டுப் போனாலோ அடுத்த கல் ஜன்னலோடு நிற்காது. நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. வாசலில் நாற்காலி போட்டு இரண்டு பெண் போலீசை உட்காரவைத்தேன். தலைவரை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

மதாம் நடுக்கூடத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இங்க வந்து இருபத்திரெண்டு நாள் ஆவுது" என்றார். அலமாரியிலிருந்து வருகைப் பதிவு நோட்டை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். இருபத்திரெண்டு நாளாக அந்தப் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. தினமும் டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

"அவங்க அம்மாவுக்குச் சொல்லலியா நீங்க?" என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே.

"நாலு வாட்டி வாட்ஸ்அப்ல அனுப்பனேன். பாத்ததா ப்ளூ டிக் விழுந்துச்சு. நேர்ல போலாம்னுதான் பாத்தேன். போன மாசம் இன்னொரு புள்ள காய்ச்சலா கெடக்குதுன்னு பாக்கப் போனப்போ, 'மதம் மாத்த வந்தியா'ன்னு வழியில நிறுத்திக் கேட்டாங்க. அதுலேருந்து நான் அந்தப் பக்கமே போறதில்ல." இதைச் சொல்லும்போது மதாம் தலைவரைப் பார்த்துச் சொல்லவில்லை. தலைவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவும் இல்லை.

பிறகு மதாம் என்னிடம் திரும்பினார். "என்னை அப்புறமா விசாரிங்க, நான் எங்கியும் ஓடிட மாட்டேன். அவங்க அம்மா இன்னா சொன்னாங்க?"

முப்பது வருட சர்வீஸ். காணாமல் போன பிள்ளையின் அம்மா என்ன சொன்னாள் என்று ஒரு டியூஷன் டீச்சர் கேட்கிறார், நான் பேயறைந்த மாதிரி நிற்கிறேன். மணி ஒன்றே முக்கால். பெண் போய் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தலைவர் நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆகவேண்டும். வெளியே வந்து, "டேய், வூட்டுக்குப் போங்கடா. நோட்ட நான் பாத்தேன். புள்ள இங்க வரவே இல்ல" என்று தன் ஆட்களைச் சத்தம் போட்டு அனுப்பினார். குப்பத்து ஆட்கள் போய்விட்டார்கள். மற்றவர்கள் போகவில்லை. தலைவரையே ஏற இறங்கப் பார்த்தார்கள்.

நிலையத்துக்கு வந்தால் அம்மாவைச் சுற்றிப் பஞ்சாயத்தார் நாலு பேர். அவர்கள் முன்னால் கேட்டால் அவள் வாய் திறக்க மாட்டாள். "எல்லாரும் வெளியே போங்க" என்று சொன்னால் பஞ்சாயத்தை அவமானப்படுத்தியதாகிவிடும். இருக்கிற சூட்டில் அது வேறு சேர வேண்டாம். நான் ஒரு ஃபாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "தலைவரே, பொண்ணு உடம்புல இருக்கற அடையாளம் எழுதணும். மச்சம், தழும்பு... அப்புறம் மாசாந்திர கணக்கும் கேக்கணும்" என்றேன்.

"அய்ய, அதெல்லாம் பொம்பள சமாச்சாரம். வாங்கப்பா, வெளிய போலாம்" என்று அவரே எழுந்து எல்லோரையும் தள்ளிக்கொண்டு போனார். போகிற போக்கில் கதவையும் சாத்தினார்.

அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "புடவ ஈரமா கீது மேடம், நாறும்" என்றாள். "நாறட்டும், ஒக்காருங்க" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பெண்ணைப் பற்றிக் கேட்டேன், தரையையே பார்த்தாள். அதட்டலாமா என்று கூட நினைத்தேன். அதட்டியிருந்தால் கெட்டது. என்ன தோன்றியதோ, "இன்னைக்கி இன்னா மீனு எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"சங்கரா" என்றாள். "நல்லா இருந்துச்சு. அவளுக்குப் புடிக்கும்னு ரெண்டு எடுத்து வச்சிருந்தேன்." அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். வெளியே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

மூன்று நாளைக்கு முன் அரிசி டிரம்முக்குள் ஒரு போனைப் பார்த்திருக்கிறாள். யார் கொடுத்தது என்று கேட்டு அடித்திருக்கிறாள். சினிமாவில் டான்ஸ் ஆட ஆள் எடுக்கிற ஒரு அண்ணன், தனக்கு இருபது வயதுதான் என்று சொன்னவன், பார்சலில் அனுப்பியது என்று பெண் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள்.

"காலையில இதை ஏம்மா சொல்லல?"

"எப்பிடி மேடம் சொல்லுவேன், அத்தினி ஆம்பளைங்க நிக்கிறாங்க. எவனோ போனு வாங்கிக் குடுத்தான்னு தெரிஞ்சா எம் பொண்ண எவன் கட்டுவான்? அவங்க மதாம் மதாம்னு பேசிக்கினாங்க. மதாம் மேல போச்சின்னா எம் பொண்ணு பேரு தப்பிச்சிக்கும்னு நெனச்சிட்டேன். பாவி நானு." தலையில் அடித்துக்கொண்டாள். மதாம் அனுப்பிய மெசேஜ்களைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வருகிற மெசேஜை எல்லாம் படித்துக் காட்டுவதே அந்தப் பெண்தான்.

ஆனால் பிள்ளைகளே, அந்த அம்மா மீன் ஏலத்தில் ஆம்பிளைகளோடு மல்லுக்கட்டுகிறவள். சும்மா விடுவாளா? அரிசி டிரம்மில் போனைப் பார்த்த அன்றே, அதிலிருந்து தன் போனுக்கு ஒரு ரிங் விட்டு வைத்திருந்தாள். நம்பர் அவள் போனிலேயே இருந்தது. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். கதவைச் சாத்தியதிலிருந்து மொத்தம் ஒன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.

டவர் விவரம் கேட்டு வாங்கினோம். அந்த நம்பர் பகல் பன்னிரண்டரை வரை தவளக்குப்பத்தில் இருந்திருக்கிறது. நான் தலைவரோடு டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் நிலையத்திலிருந்து அரை மணி தூரத்தில், தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு கடையோரம், அந்தப் பெண் அவனுக்காகக் காத்துக்கொண்டு தனியாக நின்றிருக்கிறாள். இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் போய்விடும். பிறகு அந்த நம்பர் தெற்கே நகர்ந்து எல்லை தாண்டிக் கடலூருக்குப் போய்விட்டது. அது தமிழ்நாடு. நம் புதுச்சேரிச் சீருடைக்கு அங்கே காகிதம் கொடுத்தால்தான் மதிப்பு. கடலூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் உதவி ஆய்வாளரைக் கூப்பிட்டேன். "காகிதம் பின்னால வருது. பதினாலு வயசுப் பொண்ணு" என்றேன். "போட்டோ அனுப்புக்கா" என்றாள், வேறெதுவும் கேட்கவில்லை. வைக்கும்போதே அவள் ஓடுகிற சத்தம் கேட்டது.

நாலு மணி இருபது நிமிடத்துக்குப் போன் வந்தது. கடலூர் ரயில் நிலையத்தில், பெங்களூர் போகிற ரயிலுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். புதுச் சுடிதார், முகத்தில் மாஸ்க். பக்கத்தில் ஒரு ஆள். பிடித்துவிட்டார்கள். பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அந்த வார்த்தையை அம்மாவிடம் சொன்னேன். அவள் "ஆத்தா!" என்று போட்ட சத்தத்தில் வெளியே இருந்த தலைவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

கடலூரிலிருந்து கூட்டிவந்த அந்தப் பெண் என்னைக் கண்டதும் நன்றி சொல்லிக் கட்டிக்கொண்டாள் என்று நினைக்காதீர்கள். முறைத்தாள். சீருடையைக் கழற்றிவிட்டுச் சுடிதாரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அப்படியும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள். அவன் வயது முப்பத்தி நாலு என்று அவன் அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் முகம் மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது கதை. ஐந்து மாதமாகக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசியவன், கடைசி இரண்டு வாரமாக மிரட்டவும் ஆரம்பித்திருக்கிறான்.

"ஜெபமாலை எதுக்கு வச்சே?" என்று கேட்டேன்.

"அவருதான் வெக்கச் சொன்னாரு. உங்க ஊர்ல டியூசன் மிஸ்ஸு கிறிஸ்டியனான்னு கேட்டாரு. ஆமான்னேன். சர்ச் பக்கத்துக் கடையில ஒண்ணு வாங்கி வச்சிட்டு வா, எல்லாரும் அங்க போய்த் தேடுவாங்க, நமக்கு டைம் கெடைக்கும்னு சொன்னாரு. மதாமுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாரு மேடம்." பிறகு என்னை நேராகப் பார்த்து, "ஒண்ணும் ஆவலதானே?" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அன்று வரை நம் ஊரில் ஒருமுறை கூட காலெடுத்து வைக்காத ஒருத்தன். நம் வாட்ஸ்அப் மெசேஜ்களைப் படித்தே நம் கோபம் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அவன் போட்ட கணக்குப்படி நூறு பேர் ஓடினார்கள். ஜீப் எடுத்துக்கொண்டு அவர்களோடு நானும் ஓடினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, அதில் பாதி என்மேல்தான்.

மாலையில் நிலைய வாசலில் மறுபடி கூட்டம். நெல்லித்தோப்பில் கலையாமல் நின்றவர்கள்தான். முன்னால் நின்ற ஒருவர், "அவன் எந்த மதம் மேடம்?" என்று கேட்டார். பின்னால் பத்துப் போன்கள் படமெடுக்கத் தயாராக இருந்தன. நீங்களும் இப்போது அதையேதான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்! உங்களுக்கும் சொல்ல மாட்டேன். "அவனுக்கு முப்பத்தி நாலு, பொண்ணுக்குப் பதினாலு. வழக்குக்கு இது போதும்" என்றேன். "அதெப்பிடி?" என்று அவர் இழுத்தார்.

அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பஞ்சாயத்தார், தெரு ஆட்கள், போலீஸ் எல்லோரும் நிற்கும் இடத்தில் வந்து நின்று, "மதாம் ஒண்ணும் பண்ணல. போனு விஷயம் எனக்கு மொதல்லியே தெரியும். நாந்தான் மறச்சேன். எம் புள்ளயப் பத்தி எவன் இன்னா பேசினாலும் பேசிக்கோ. அந்தம்மா வூட்டுப் பக்கம் எவனும் போவாத" என்றாள். ஏலத்தில் கூவுகிற அதே குரல். கேள்வி கேட்டவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஊர் பேசத்தான் செய்தது, கொஞ்ச நாள். தலைவர் பஞ்சாயத்தைக் கூட்டி, அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். மதாம் வீட்டுக்குக் கண்ணாடி போட ஆளை அனுப்பியதும் அவர்தான். நான் அதற்குப் பிறகு பஞ்சாயத்துக் கொண்டுவரும் லெட்டரை வாங்காமல் இருந்ததில்லை, மரியாதையாக வாங்குவேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கதவோரம் நிற்கிற ஆளை முதலில் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வெளியே நூறு பேர் கத்தினாலும் அந்த ஒன்பது நிமிடத்தைக் கொடுங்கள். கத்துகிறவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள், காத்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்குத் தேற ஒரு வருடம் பிடித்தது. கவுன்சிலிங், கோர்ட், பள்ளிக்கூடத்தில் குசுகுசுப்பு, எல்லாம் இருந்தது. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரியாம். போன மாதம் சாயங்காலம் காய்கறி வாங்க நெல்லித்தோப்பில் மதாம் தெரு வழியாகப் போனேன். சாயங்கால வியாபாரம் முடிந்து அம்மா வெறும் மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். மெசேஜ் கிசேஜ் எதுவும் இப்போது அவர்களுக்குள் கிடையாதாம், டியூஷன் உள்ள நாளெல்லாம் அவளே நேரில் வந்துவிடுவாளாம்.

"மதாம்! வந்துட்டாளா?" என்று தெருவே அதிரக் கூவினாள்.

"வந்துட்டா, வந்துட்டா! நீ உள்ள வந்து காப்பி குடி!" என்று மாடியிலிருந்து மதாம் அதே சத்தத்தில் கூவினார்.

ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "அய்யோ அம்மா, மானம் போவுது, கத்தாத!" என்றாள் அவள்.